பொறு, விடு, வா

தமிழ் ஆர்வலர் கூடும் இடங்களில் நெடுநாளாக ஒரு கூற்று உலவுகிறது. ‘மன்னிப்பு’ உருதுச் சொல்லாம்; தமிழர் சொல்ல வேண்டியது ‘பொறுத்துக்கொள்க’ என்பதாம். மேடையில் ஒருவர் “மன்னிக்கவும்” என்று தொடங்கினால் போதும், திருத்துவதற்கு முன்வரிசையில் ஒருவர் இருப்பார். அவருடைய அக்கறையில் குறையில்லை. குறை சொல்லாராய்ச்சியில்தான்.

உருதுக்காரர் சொல்வது ‘மாஃப்’. அரபியிலிருந்து அங்கே வந்த சொல் அது. ஃப் என்ற ஒலி தமிழ் வாயில் ப்ப் ஆவது இயல்பு. காஃபி காப்பி ஆனது அப்படித்தான். மாஃபும் அதே வழியில் ‘மாப்பு’ ஆயிற்று. மலையாளத்தில் இன்றும் பொதுவழக்குச் சொல் அதுதான். செய்தித்தாள் தலைப்பிலிருந்து திரைப்பட வசனம்வரை மாப்பு என்றே வரும். தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் மாப்புக் கேட்பது உண்டு. ஆக, உருதுச் சொல் நுழைந்த வாசல் தெளிவாகத் தெரிகிறது. மன்னிப்பு அந்த வாசல் வழியாக வரவில்லை. அதன் கடைசியில் நிற்கும் ‘ப்பு’ வெறும் விகுதி. சந்திப்பு, கண்டிப்பு, தண்டிப்பு ஆகியவற்றில் இருப்பதே. அதைக் கழற்றினால் எஞ்சுவது ‘மன்னி’. மாஃபில் னகரத்துக்கு இடமே இல்லை.

மன்னியின் பிறப்பை அறிய அண்டை வீடுகளை எட்டிப்பார்க்க வேண்டும். தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’. பிழையைப் பொறுத்தல் என்ற பொருள் இரண்டுக்கும் உண்டு. மதித்தல், பெருமைப்படுத்தல் என்ற பொருளும் உண்டு. கன்னடத்து ‘மன்னணெ’ இன்றும் மரியாதையையும் அங்கீகாரத்தையும் குறிக்கும் சொல். இந்தக் குடும்பத்தை வடமொழி ‘மான்ய’ என்பதோடு இணைத்துப் பார்ப்பது அகராதி வழக்கம். நிலைபெறுதலைக் குறிக்கும் பழந்தமிழ் ‘மன்னுதல்’ என்பதோடு சேர்ப்பாரும் உண்டு. ஆனால் தெலுங்கும் கன்னடமும் காட்டும் மதிப்புப் பொருளுக்கு அது விடை சொல்வதில்லை. கீழே நிற்பவரின் வேண்டுகோளை மேலே இருப்பவர் மதித்து ஏற்கும் இடத்தில்தான் மதிப்பும் மன்னிப்பும் சந்தித்திருக்க வேண்டும்.

மான்யத்தின் இன்னொரு பிள்ளை தமிழில் நன்றாக வாழ்கிறது: மானியம். இன்று உரத்துக்கும் எரிவாயுவுக்கும் கிடைப்பது. முன்பு கோயிலுக்கும் ஊர்ப் பணி செய்வோருக்கும் வரி நீக்கி விட்ட நிலம். வடக்கே முகலாயர் கால வருவாய்க் கணக்கில் வரி நீக்கப்பட்ட நிலத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘முஆஃபி’. மாஃபின் உடன்பிறப்பு. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு சொற்கள், ஒன்று மன்னிப்பின் பக்கமிருந்தும் மற்றது மாஃபின் பக்கமிருந்தும் நடந்து வந்து, கடைசியில் வரியில்லா நிலத்தில் நிற்கின்றன. சொற்பிறப்பியலில் இப்படிப்பட்ட தற்செயல்கள் ஏராளம். அவற்றை உறவென்று எண்ணி ஏமாறுவதும் ஏராளம்.

ஒலி ஒற்றுமையின் பொறிக்கு விடைபெறும் சொல்லிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மணப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் சடங்கை இந்திக்காரர் ‘விதாயி’ என்பர், பேச்சில் ‘பிதாயி’. தமிழில் ‘விடை’. இரண்டும் ஒன்றே என்று சொல்லத் தோன்றும். இந்திச் சொல்லோ அரபி ‘வதாஃ’ என்பதன் வழிவந்தது, பிரிவைக் குறிப்பது. ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளியை ‘ஜும்ஆத்துல் விதா’ என்பதிலும் அதே சொல் உண்டு. தமிழ் விடை ‘விடு’ என்ற வினையில் பிறந்தது. அரபிக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

முன்வரிசைக்காரர் பரிந்துரைத்த ‘பொறுத்தல்’ பழமையான சொல், அதில் ஐயமில்லை. பொறு என்றால் சுமை தாங்கு. பொறை என்றால் பாரம். பொறுப்பு, பொறுமை எல்லாம் அதிலிருந்து வந்தவையே. சேரரில் ஒரு கிளையினர் ‘இரும்பொறை’ என்று பெயர் கொண்டனர். திருக்குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. மண்வெட்டியால் தன்னையே கிளறுபவனையும் சுமந்து நிற்கும் பூமியைக் காட்டித்தான் அது தொடங்குகிறது. இந்தச் சொல்லின்படி, பிழை செய்தவனின் பாரம் எங்கும் போய்விடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் அதைத் தம் தோளில் ஏற்றிக்கொள்கிறார். குற்றம் அழியாது. தாங்கப்படும், அவ்வளவே.

வடமொழி ‘க்ஷமா’வும் இதே பக்கம் சாய்கிறது. தாங்கு, பொறு என்பதே அதன் வினைப்பொருள். அதே வடிவத்துக்குப் பூமி என்ற பொருளும் உண்டு. பூமியைக் குறிக்கும் சொல்லும் பொறுமையைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு மூலம் கொண்டவை என்பது மொழியியலார் கருத்து. முன்னதற்குக் கிரேக்க ‘க்தோன்’ உறவு. இருந்தும் வடிவம் ஒன்றான பிறகு, பூமியைப் போலப் பொறுமை என்ற உவமை தானாகவே அமைந்துவிட்டது. சிங்களத்தில் மன்னிப்பைக் குறிக்கும் ‘சமாவ’ இந்த க்ஷமாவின் பேத்திதான். கொழும்புப் பேருந்தில் தமிழர் அன்றாடம் கேட்கும் ‘சமாவென்ன’வில் அது இருக்கிறது.

சமணர் இதை ஒரு நாளாகவே ஆக்கினார்கள். பர்யூஷண நோன்பின் முடிவில் சுவேதாம்பரர் ஒருவரிடம் ஒருவர் ‘மிச்சாமி துக்கடம்’ என்பர். பாகதச் சொற்கள். “என் தீச்செயல் பயனற்றுப் போகட்டும்” என்பது பொருள். கவனிக்க வேண்டிய அமைப்பு இது: “என்னை மன்னி” என்று எதிரில் இருப்பவரிடம் எதுவும் கேட்கவில்லை. வினை கெடட்டும் என்று வினையைப் பார்த்தே பேசுகிறது. திகம்பரருக்குப் பத்து நாள் தசலக்ஷண விழாவின் முதல் நாளே ‘உத்தம க்ஷமா’. தமிழ்ச் சமணரில் பெரும்பாலோர் திகம்பரரே.

மற்ற மொழிகள் இந்தப் பாரத்தை வேறு வேறு வகையில் கையாண்டிருக்கின்றன. அரபியில் மாஃபுக்கு மூலமான ‘அஃப்வு’ என்பதற்கு அழித்துவிடுதல், தடம் தெரியாமல் துடைத்தல் என்று பொருள். அதே மொழியில் ‘மஃபிரத்’ என்ற சொல்லும் உண்டு. அதன் வேர் மூடுதல். போர்வீரன் தலையை மூடும் கவசத்துக்கு ‘மிஃபர்’ என்று பெயர் வந்தது அந்த வேரிலிருந்துதான். ஆங்கிலத்தின் ‘ஃபர்கிவ்’ கொடுத்தலைச் சொல்கிறது. பிரெஞ்சு வழி வந்த ‘பார்டன்’ உள்ளும் கொடையே இருக்கிறது.

கடன் என்று பார்த்த மொழிகளும் உண்டு. ஏசு பேசிய அரமேயத்தில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது. அதனால்தான் ஏசு கற்பித்த மன்றாட்டைக் கிரேக்கத்தில் எழுதும்போது மத்தேயு ‘கடன்கள்’ என்றும் லூக்கா ‘பாவங்கள்’ என்றும் எழுத நேர்ந்தது. ஜெர்மன் மொழியில் ‘ஷுல்ட்’ இன்றும் இரண்டுக்கும் ஒன்றே. இந்தியாவில் தேர்தல் வந்தால் இந்தக் கணக்கு தலைப்புச் செய்தியாகும்: விவசாயக் கடன் தள்ளுபடிக்கு இந்தியில் ‘கர்ஜ் மாஃபி’, தெலுங்கில் ‘ருண மாஃபி’. தமிழோ மன்னிப்பைக் கூப்பிடாமல் தள்ளிவிடுகிறது. தமிழின் ‘கடன்’ கடமையையும் சேர்த்துக் குறிப்பதால் இருக்கலாம். காலைக்கடனையும் இறுதிக்கடனையும் யாரும் தள்ளுபடி செய்ய முடியாதே.

பாவமன்னிப்பு தமிழில் அச்சேறிய கதையும் சொல்லத்தக்கது. போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றிக்கே அன்றிக்கசு 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். இரண்டே ஆண்டில், 1580இல், கொச்சியில் ‘கொம்பெசியனாயரு’ வந்தது. பாவ அறிக்கை செய்வது எப்படி என்று கற்பிக்கும் கையேடு. தமிழ் அச்சு நூல்களின் முதல் வரிசையிலேயே மன்னிப்புக் கேட்கும் முறைக்கு ஒரு நூல்! தலைப்புக்குத் தமிழ்ச்சொல் தேடாமல் போர்த்துக்கீசியத்தையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார்கள். பின்னாளில் கத்தோலிக்கத் தமிழ் ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற சொல்லைப் பிடித்தது. அண்மைக் காலத்தில் அது ‘ஒப்புரவு அருளடையாளம்’ ஆகியிருக்கிறது. வள்ளுவர் ஊருக்கு உதவுவதைக் குறித்த ஒப்புரவு, இங்கே இறைவனோடு மீண்டும் கூடுவதைக் குறிக்கிறது.

கிரேக்கர் மறதியில் நம்பிக்கை வைத்தார்கள். கி.மு. 404இல் ஏதென்ஸ் தோற்றது, முப்பது பேர் கொண்ட கொடுங்குழு நகரைப் பிடித்தது, ஏராளமானோர் கொல்லப்பட்டனர். கி.மு. 403இல் மக்களாட்சி திரும்பியபோது, பழைய தீமைகளை மனத்தில் வைத்துக்கொள்வதில்லை என்று குடிமக்கள் உறுதிமொழி எடுத்தனர். அந்த முப்பது பேருக்கும் நெருங்கிய சிலருக்கும் மட்டும் விலக்கு. இத்தகைய ஏற்பாட்டுக்கு வழங்கிய ‘அம்னெஸ்தியா’ என்ற சொல்லுக்கு நினைவின்மை என்று பொருள். தமிழ்ச் செய்தித்தாள் இதைப் ‘பொது மன்னிப்பு’ என்கிறது. நான்கு ஆண்டு கழித்து, கி.மு. 399இல், சாக்ரடீஸ் வழக்குமன்றத்தில் நின்றார். முப்பதின்மர் குழுவில் அவரோடு பழகியவர்கள் இருந்தும், குற்றச்சாட்டு அதைப் பற்றி இல்லாமல் தெய்வங்களையும் இளைஞர்களையும் பற்றியே அமைந்ததற்கு இந்த உறுதிமொழியே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அங்கே அவர் பேசியதற்குப் பெயர் ‘அபொலோகியா’: எதிர்வாதம், தன் பக்க நியாயம். ஆங்கிலத்தின் ‘அபாலஜி’ அதன் வழித்தோன்றல். மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் தன் பக்க நியாயத்துக்குப் போய்விடும் அரசியல்வாதிகள் அறியாமலே மூலப்பொருளுக்கு விசுவாசமாக இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் ‘சாரி’ இதைவிட நேர்மையான சொல். ‘ஸாரோ’ என்ற துயரச் சொல்லின் தங்கை போலத் தோன்றினாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. புண், உடல்நோவு என்ற பொருள் தரும் ‘சோர்’ என்பதிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத் தமிழர்க்கு இது வியப்பாக இராது. “அம்மாவுக்கு வருத்தம்” என்று அங்கே சொன்னால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். நோவும் மனநோவும் அங்கும் ஒரு சொல்லில் தங்குகின்றன. ஆனால் அரசுகள் வருத்தப்படும்போது அந்த நோவைத் தேடிப் பயனில்லை. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டு நெருங்கிய வேளை, 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டன் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். கேட்கப்பட்டது மன்னிப்பு, கிடைத்தது வருத்தம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதைத் தமிழ் இதழாளர் நன்கு அறிவர். “வருத்தம் தெரிவித்தார்” என்று போடவேண்டிய இடத்தில் “மன்னிப்புக் கேட்டார்” என்று போட்டால் மறுநாள் மறுப்பு அச்சிட வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் வீட்டில் யாராவது “உன்னை மன்னித்தேன்” என்று சொல்லிக் கேட்டதுண்டா? நாடகத்தில் சொல்வார்கள். தமிழர் உண்மையில் மன்னிக்கும் சொற்கள் வேறு. “சரி விடு.” “போனா போகுது.” “அதெல்லாம் ஒண்ணுமில்ல.” கேட்பவரும் மன்னிப்பைக் கேட்பதில்லை, “தப்பா எடுத்துக்காதீங்க”, “மனசுல வெச்சுக்காதீங்க” என்பார். ஏதென்ஸ்காரர் எடுத்த உறுதிமொழியின் சாரமும் இதுவேதான். எல்லாவற்றுக்கும் மேலாக “பரவாயில்லை”. அதன் முன்பாதி பாரசீகத்துப் ‘பர்வா’. கவலை, அக்கறை என்று பொருள். பின்பாதி மட்டும் தமிழ். மன்னிப்புக்கு உருதுப் பூச்சு இருக்கிறதென்று கவலைப்படுபவர், மன்னிக்கும்போது நாள்தோறும் பாரசீகத்தில் பாதி பேசுகிறார். பரவாயில்லை.

இந்த “விடு” அகராதிகள் கொடுக்காத மரியாதைக்கு உரியது. கிரேக்க விவிலியத்தில் மன்னிப்பதைக் குறிக்கும் வினை ‘அஃபியேமி’; அனுப்பிவிடு, கைவிடு, போகவிடு என்பதே அதன் அடிப்பொருள். மனைவியை விலக்கி அனுப்புவதற்கும் பவுல் கடிதத்தில் அதே வினைதான். தமிழ்ப் பேச்சு கிரேக்கத்தைக் கேட்காமலே அதே இடத்துக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து விடைபெறுதலுக்கு ஓரடிதான்: விடு, விடை, விடுப்பு, விடுமுறை, விடுதலை. பயணத்தை முடித்து ஒருவர் தங்கும் வீடும், பிறவியை முடித்து அடைவதாகச் சொல்லப்படும் வீடும் அந்த வினையில் பிறந்தவையே.

விடை என்றால் அனுமதி. போகிறவர் தானாகப் போவதில்லை, கேட்டுப் பெற்றுத்தான் போகிறார் என்பது சொல்லுக்குள் இருக்கும் ஏற்பாடு. “உத்தரவு வாங்கிக்கிறேன்” என்று மூத்த தலைமுறையினர் சொன்னதும் அதையே. பேச்சுத்தமிழ் இதை இன்னும் சுருக்கிவிட்டது. “சொல்லிக்கிட்டுப் போனானா?” என்று கேட்டால், எதைச் சொல்லிக்கொண்டு என்று யாரும் கேட்பதில்லை. சொல்லிக்கொள்வது என்றாலே விடைபெறுவதுதான்.

அப்படிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் “போயிட்டு வர்றேன்”. யாழ்ப்பாணத்தில் “போட்டு வாறன்”. இது தமிழரின் தனிச்சொத்து என்று பெருமைப்படுவோர் உண்டு. கொஞ்சம் பயணம் செய்தால் தெளியும். மலையாளி ‘போயிட்டு வராம்’ என்கிறார். கன்னடர் ‘ஹோகி பர்த்தீனி’, தெலுங்கர் ‘வெள்ளொஸ்தானு’, சிங்களர் ‘கிஹின் என்னம்’. எல்லாம் போய் வருவதே. மராட்டியர் போவதையே விட்டுவிட்டு ‘யேதோ’, வருகிறேன், என்று மட்டும் சொல்லிக் கிளம்புவார். வங்காளியும் அப்படியே: ‘ஆஷி’. படியிறங்கிக்கொண்டே “வருகிறேன்” என்பது வெளிநாட்டாருக்குக் குழப்பமாக இருக்கலாம். தமிழிலும் “அப்ப நான் வர்றேன்” உண்டு.

தமிழிலக்கணம் இதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக ‘மங்கல’த்தைக் கூறும்: அமங்கலமானதை மங்கலச் சொல்லால் சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும் பள்ளிப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள். “போகிறேன்” என்பது சாவுக்கு உரியது. ஆகவே “போய் வருகிறேன்”. செருப்பை மாட்டுகிறவரிடம் “எங்கே போறீங்க?” என்று கேட்டால் சகுனத்தடை; “தூரமா?” என்று கேட்கலாம். துக்க வீட்டிலோ நிலைமை தலைகீழ். அங்கே “போயிட்டு வர்றேன்” என்றால் இதே போன்ற காரியத்துக்கு மீண்டும் வருவதாகிவிடும். அதனால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதே அங்கே மரியாதை.

பழந்தமிழர் பிரிவுக்கு ஒரு திணையையே ஒதுக்கினர்: பாலை. ஓதல், பகை, தூது எனப் பிரிவின் காரணங்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. கிளம்ப நினைத்த தலைவன் தயங்கி நிற்பதற்குச் ‘செலவழுங்கல்’ என்று பெயர். தயங்கியதால் அவன் போகமாட்டான் என்று கருதிவிடக் கூடாது, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்கே அந்தத் தயக்கம் என்று தொல்காப்பியர் தெளிவுபடுத்துகிறார். வாசலில் செருப்போடு நின்று அரைமணி பேசும் தமிழ் விருந்தினருக்கு இதைவிட நல்ல இலக்கண ஆதாரம் கிடைக்காது. அனுப்புவதற்கும் முறை இருந்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலன், பரிசு பெற்றுப் புறப்படும் கலைஞன் பின்னால் ஏழடி நடந்து வந்து தேரில் ஏற்றிவிடுகிறான்.

ஐரோப்பியச் சொற்களில் கடவுள் அதிகம். ‘குட்பை’ என்பது “கடவுள் உம்மோடு இருப்பாராக” என்ற ஆங்கில வாக்கியம் 16ஆம் நூற்றாண்டில் தேய்ந்து சுருங்கியது. ‘குட் டே’ போன்ற வணக்கங்களின் சேர்க்கையால் கடவுளின் இடத்தில் ‘குட்’ வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சு ‘அதியூ’, ஸ்பானிய ‘அதியோஸ்’ இரண்டும் கடவுளிடம் ஒப்படைப்பவை. இத்தாலியரின் ‘சாவ்’ மட்டும் வேறு வழி வந்தது. வெனிஸ் நகரப் பேச்சில் “உமது அடிமை” என்று சொன்னதன் எச்சம் அது. இன்று கல்லூரி மாணவர்கள் கையசைத்துச் சொல்வது. வைணவர் சந்திக்கும்போதும் பிரியும்போதும் “அடியேன்” என்பதை அறிந்த தமிழருக்கு இதில் புதுமை இல்லை.

ஜப்பானியரின் ‘சயொனாரா’வுக்கு அடிப்பொருள் “அப்படியானால்…” என்பது. வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அவர்கள் மன்னிப்புக் கேட்கும் ‘சுமிமாசென்’ என்ற சொல்லுக்கும் “இது தீரவில்லை” என்றே பொருள். பட்ட கடன் அடையவில்லை, விவகாரம் முடியவில்லை. பொறுத்தலையும் போய்வருதலையும் பழகிய மொழிக்கு இந்த முடியாமை பழக்கமானதே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இன்னொரு நுட்பத்தை அறிவர். மலாயில் போகிறவர் இருப்பவரிடம் ‘செலாமத் திங்கால்’ என்பார், நலமாகத் தங்குக. இருப்பவர் போகிறவரிடம் ‘செலாமத் ஜாலான்’ என்பார், நலமாகச் செல்க. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். அதே மலாய்க்காரர் நோன்புப் பெருநாளில் வாழ்த்தோடு சேர்த்து ‘மாஃப் சாஹிர் டான் பாத்தின்’ என்பார்கள்: வெளிப்படையாகவும் உள்ளூரவும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பு. அரபி மாஃப் கேரளத்தில் மாப்பானது. மலாயில் பெருநாள் வாழ்த்தட்டையில் ஏறியது.

எதிரில் ஆளில்லாதபோது “போயிட்டு வர்றேன்” செல்லாது. கடிதக் காலத்தில் அதற்கு ஈடாக “மற்றவை நேரில்” இருந்தது. சொல்லாமல் விட்டதையும் மீண்டும் சந்திப்பதையும் இரண்டு சொல்லில் உறுதி செய்த வரி. தொலைபேசி வந்தது. பேசி முடித்ததும் ஒலிவாங்கியைத் தாங்கியில் வைக்க வேண்டியிருந்ததால் “வெச்சிடறேன்” என்ற விடைச்சொல் பிறந்தது. கைப்பேசியில் வைப்பதற்குத் தாங்கியும் இல்லை, கொக்கியும் இல்லை. ஆனாலும் தமிழர் இன்னும் “அப்ப வெச்சிரட்டுமா?” என்று கேட்டு, மறுமுனையில் “சரி, வெச்சிருங்க” என்று பதில் வந்த பிறகுதான் திரையைத் தொடுகிறார்கள். க்ரியா அகராதியின் அடுத்த பதிப்போ வேறெந்த அகராதியோ ‘வை’ என்ற வினைக்கும், ‘விடு’ என்ற வினைக்கும் இந்தப் பொருள்களைத் தனி எண் கொடுத்துப் பதிவதில் தடையேதும் இல்லை.